பாய்லர் ஆலைக்குப் போன பிரசவ டாக்டர்

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)



ஆண்டு மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டதும், விஸ்வேசுவரய்யாவையா, கல்லணை கட்டிய கரிகாலனையா, அப்துல் கலாமையா என்றுதான் பசங்க கேட்டாங்க. பழைய மலர்களைப் புரட்டினால் இவங்கதான் இருப்பாங்க. மூணு பேருமே பெரியவங்க, மறுப்பில்லை. ஆனால் நான் எழுதப்போவது நம் வகுப்பில் யாரும் பேர் சொல்லாத ஒருவரைப் பற்றி. அவர் இன்ஜினியரே இல்லை. பிரசவம் பார்க்கிற டாக்டர். பெயர் அயன் டொனால்ட். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரில் பேராசிரியராக இருந்தவர். 1987-இல் காலமானார். டாக்டருக்குப் படிக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இவரைத் தெரிந்திருக்கும்.

மெக்கானிக்கல் பையனுக்கும் பிரசவ டாக்டருக்கும் என்னடா சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சம்பந்தம் இரண்டு. ஒன்று, நாம் போய்வந்த இன்டஸ்ட்ரியல் விசிட். இன்னொன்று, எங்க அக்கா.

திருச்சியில் பார்த்தது

போன செமஸ்டரில் திருச்சி பெல் பாய்லர் ஆலைக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? செங்கிப்பட்டி தாண்டும்வரை பஸ்ஸில் ஒரே பாட்டும் கூத்தும். உள்ளே நுழைந்ததும் எல்லார் சத்தமும் அடங்கிப்போச்சு. அங்கே ஒருவர் ஒரு வெல்டிங் ஜாயின்ட் பக்கத்தில் கிரீஸைத் தடவிவிட்டு, தீப்பெட்டி அளவு புரோப் ஒன்றை அதன்மேல் மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் சின்னத் திரை. பாதிப் பேர் கேன்டீன் எங்கே என்று தேடிக்கொண்டிருந்த நேரம் அது. நான் மட்டும் அங்கேயே நின்றுவிட்டேன்.

விஷயம் நமக்குப் பாடத்தில் வந்ததுதான். 20,000 ஹெர்ட்ஸுக்கு மேலே போனால் மனுஷக் காதுக்குக் கேட்காது. புரோபுக்குள் இருக்கிற படிகம் வினாடிக்குப் பல லட்சம் தடவை அதிர்ந்து, அந்த ஒலியை இரும்புக்குள் அனுப்புகிறது. ஒலி எதிர்ப்பக்கச் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. இரும்பில் அதன் வேகம் வினாடிக்குச் சுமார் 5,900 மீட்டர். போய்வந்த நேரம் தெரிந்தால் தூரம் தெரியும். நடுவில் விரிசலோ காற்றுக்குமிழோ இருந்தால் திரையில் நடுவே ஒரு முள் எழும்பும். பொங்கலுக்குப் பானை வாங்கப் போனால் அம்மா விரலால் தட்டிப் பார்த்துத்தானே வாங்குவாங்க? அதே வேலைதான் இது.

அந்த அண்ணன் ஒரு விஷயம் சொன்னார். ஒலி போகிற திசையிலேயே விரிசலும் படுத்திருந்தால் திரையில் ஒன்றும் தெரியாதாம். அதனால்தான் 45, 60, 70 டிகிரி என்று வேறு வேறு கோணப் புரோபுகளை மாற்றி மாற்றி வைத்துத் தேடுகிறார்கள். திரை சுத்தமாக இருந்தால் பழுது இல்லை என்று எழுதிவிடக் கூடாது, தேடின கோணத்தில் பழுது தெரியவில்லை, அவ்வளவுதான். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

யார் இந்த டொனால்ட்?

1910 டிசம்பர் 27-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், லிஸ்கார்டு என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பாவும் தாத்தாவும் டாக்டர்கள். குடும்பம் தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. பதின்ம வயதிலேயே தாயையும் தந்தையையும் அடுத்தடுத்து இழந்தார். கேப் டவுனில் முதலில் படித்தது கலைப் பட்டம். அதன்பிறகுதான் லண்டன் திரும்பி, செயின்ட் தாமஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1937-இல் டாக்டரானார்.

இரண்டாம் உலகப் போரில் விமானப்படை டாக்டராகச் சேர்ந்தார். ஒரு தடவை குண்டுவீச்சு விமானம் ஒன்று விழுந்து எரிந்துகொண்டிருந்தது. உள்ளே வெடிக்காத குண்டுகள். அதற்குள் நுழைந்து ஆட்களை வெளியே இழுத்து வந்தவர் இவர். அதற்காக 1946-இல் விருது கொடுத்தார்கள். போர்க்காலத்தில்தான் ரேடாரும் சோனாரும் அவருக்கு அறிமுகம். எதிரொலியைக் கேட்டே வானத்தில் விமானத்தையும் கடலுக்கடியில் நீர்மூழ்கியையும் கண்டுபிடிக்கலாம் என்ற எண்ணம் அவர் மனசில் ஒட்டிக்கொண்டது.

போர் முடிந்து லண்டன் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தபோது, மூச்சுத் திணறும் பச்சைக் குழந்தைகளுக்காக மூச்சுக் கருவிகள் செய்தார். டாக்டர்தான், ஆனால் கையில் எப்போதும் ஒரு கருவி இருக்கும். கிறுக்கு டொனால்ட் என்று பட்டப்பெயர்கூட உண்டு. 1954-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பிரசவ மருத்துவப் பேராசிரியர் ஆனார்.

இங்கே ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. நமக்குக் காவிரி மாதிரி கிளாஸ்கோவுக்குக் கிளைடு ஆறு. நம் ஆறு நெல் விளைவித்தது, அவர்கள் ஆறு கப்பல் கட்டியது. கரை நெடுக கப்பல் பட்டறை, பாய்லர் ஆலை, கருவிக் கம்பெனி. டாக்டர் தெருவில் இறங்கினால் எதிரே வருகிறவர் ஃபிட்டராகவோ வெல்டராகவோ இருப்பார். இவர் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைத்திருக்குமா!

1955 ஜூலை 21

கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் ரென்ஃப்ரூ என்ற ஊரில் பாப்காக் அண்ட் வில்காக்ஸ் பாய்லர் ஆலை இருந்தது. அதன் இயக்குநர் ஒருவரின் மனைவி டொனால்டிடம் சிகிச்சை பெற்றவர். அந்த அறிமுகத்தில், வந்து ஆலையைச் சுற்றிப் பார்க்கலாம் என்று அழைப்பு வந்தது. நம் இன்டஸ்ட்ரியல் விசிட் மாதிரிதான். ஆனால் அவர் கை வீசிக்கொண்டு போகவில்லை. அறுவை செய்து எடுத்த கருப்பைக் கட்டிகளையும் சினைப்பை நீர்க்கட்டிகளையும் இரண்டு கார் டிக்கியில் ஏற்றிக்கொண்டு போனார்! ஒப்பிட்டுப் பார்க்க ஆலைக்காரர்கள் பெரிய மாட்டிறைச்சித் துண்டு ஒன்றை வாங்கி வைத்திருந்தார்கள்.

வெல்டிங் பழுது பார்க்கிற கருவியை அந்தக் கட்டிகள்மேல் வைத்தார்கள். நீர்க்கட்டியில் முன்சுவருக்கு ஒரு முள், பின்சுவருக்கு ஒரு முள், நடுவில் வெறும் கோடு. தசைக்கட்டியில் அப்படி இல்லை. உள்ளே போகப் போக எதிரொலி சின்னச் சின்னதாக எழும்பித் தேய்ந்து போனது. தண்ணீர் வேறு, சதை வேறு என்று திரையே பிரித்துக் காட்டிவிட்டது. வயிற்றைக் கிழிக்காமலே உள்ளே இருப்பது என்ன கட்டி என்று சொல்லிவிடலாம் என்று அன்றைக்கு அவருக்குப் புரிந்துபோச்சு.

நம் ஆட்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. உடம்புத் திசுவில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 1,540 மீட்டர். எதிரொலி 65 மைக்ரோவினாடி கழித்து வந்தால், வேகம் பெருக்கல் நேரம், வகுத்தல் இரண்டு. ஐந்து சென்டிமீட்டர் ஆழம். வைவாவில் கேட்டால் சொல்லலாம்!

டெலிபோன் செய்த பையன்

பிறகு ஒரு பழைய பழுதறியும் கருவி டொனால்டுக்கு இரவலாகக் கிடைத்தது. அதில் ஒரு பெரிய குறை. புரோபுக்குப் பக்கத்தில் முதல் சில அங்குலம் அதற்குத் தெரியவே தெரியாது. அந்தத் தூரத்தை உண்டாக்க, அடியில் ரப்பர் வைத்த தண்ணீர்ப் பாத்திரத்தை நோயாளி வயிற்றின்மேல் நிறுத்திப் பார்த்தார்கள். தண்ணீர் கவிழ்ந்து கட்டிலெல்லாம் ஈரம். மற்ற டாக்டர்கள் சிரித்தார்கள்.

அப்போதுதான் டாம் பிரவுன் வருகிறார். கெல்வின் அண்ட் ஹியூஸ் என்ற கருவிக் கம்பெனியில் தொழிற்பயிற்சியாளராகச் சேர்ந்து மேலே வந்தவர். வயசு இருபதுகளின் தொடக்கம். நம்மைவிட நாலைந்து வயசுதான் கூட. பேராசிரியர் ஒருவர் பழுதறியும் கருவியை வைத்து மனுஷங்களைச் சோதிக்கிறார் என்று ஆஸ்பத்திரிப் பக்கம் வேலைக்குப் போன ஆள் சொல்லக் கேட்டார். சிரித்துவிட்டுப் போகவில்லை. டெலிபோன் டைரக்டரியில் பெயரைத் தேடிப் பேராசிரியரையே கூப்பிட்டுப் பேசி, நேரில் போய்ப் பார்த்தார். கருவியின் கோளாறு புரிந்தது. கம்பெனியில் பேசி நல்ல கருவி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அதோடு விட்டாரா? முள் எழும்புவதைப் பார்த்து ஊகிப்பதைவிட, புரோப் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் சேர்த்துப் பதிவு செய்தால் முழுப் படமே வரைந்துவிடலாமே என்று யோசித்தார். நோயாளி சாப்பிடக் கட்டில்மேல் தள்ளிவைப்பார்களே, அந்த மாதிரி மேஜை ஒன்றில் சட்டம் பூட்டி, 1957-இல் முதல் கருவியைச் செய்தே விட்டார். தண்ணீர்ப் பாத்திரம் போனது. வயிற்றில் ஆலிவ் எண்ணெய் தடவி, புரோபை நேராகத் தோலிலேயே வைத்தார்கள். நம் ஆலையில் கிரீஸ், அங்கே எண்ணெய், இன்றைக்கு ஜெல். நடுவில் காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாமல் அப்படியே திரும்பிவிடும். அதற்குத்தான் இதெல்லாம்.

சிரித்தவர்கள் வாயை அடைத்தது ஒரு நோயாளியின் கதை. வயிறு வீங்கி ஒரு பெண்மணி வந்தார். இரைப்பையில் புற்றுநோய், அறுவைக்கு வழியில்லை என்று சர்ஜரிக்காரர்கள் கைவிட்டிருந்தார்கள். டொனால்ட் கருவியை வைத்துப் பார்த்தார். புற்றுநோய் நீர் மாதிரி தெரியவில்லை. ஓரம் தெளிவான பெரிய நீர்க்கட்டி மாதிரி தெரிந்தது. திறந்து பார்த்தால் சினைப்பை நீர்க்கட்டியேதான். எடுத்துவிட்டார்கள். அந்த அம்மா பிழைத்து வீட்டுக்குப் போனார்.

1958 ஜூன் 7-ஆம் தேதி லான்செட் மருத்துவ இதழில் அவர்கள் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் மூவர்: பேராசிரியர் டொனால்ட், இளம் டாக்டர் ஜான் மக்விகார், இன்ஜினியர் டாம் பிரவுன். உலகப் புகழ் பெற்ற மருத்துவ இதழில், தொழிற்பயிற்சியில் தொடங்கிய ஒரு கருவிக்காரர் பெயர்! டிப்ளமோதானே என்று யாராவது உங்களைக் கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். பின்னால் இந்தக் கருவிக்கு நல்ல உருவம் வரைந்து கொடுத்த டூகல்ட் கேமரனும் அப்போது கிளாஸ்கோ கலைக்கல்லூரியில் மாணவர்தான்.

அப்புறம் நடந்தவை

1963-இல் டொனால்ட் இன்னொரு வழி கண்டார். மூத்திரப்பை நிறைந்திருந்தால் அதுவே ஒரு தண்ணீர் ஜன்னல் மாதிரி ஆகி, பின்னால் இருக்கிற கருப்பை தெளிவாகத் தெரியும். ஸ்கேனுக்கு முன்னால் தண்ணீர் குடித்துக் குடித்து நம் வீட்டுப் பெண்கள் அவஸ்தைப்படுவதற்குக் காரணம் இவர்தான்! சில வாரக் கருவைக்கூட அதனால் பார்க்க முடிந்தது. 1964-இல் கிளாஸ்கோவில் குயீன் மதர்ஸ் என்ற பிரசவ ஆஸ்பத்திரி திறக்கப்பட்டதற்கும் அவர் முயற்சி முக்கியக் காரணம்.

இவ்வளவும் செய்தவருக்கு இதய வால்வில் பழுது. பல தடவை பெரிய அறுவை நடந்தது. ஒவ்வொரு தடவையும் எழுந்து வேலைக்கு வந்தார். கருக்கலைப்பை அனுமதித்து 1967-இல் வந்த பிரிட்டிஷ் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். இதில் அவரோடு ஒத்துப்போகாதவர்கள் உண்டு. ஆனால் அவர் கருவியை வைத்தே பெண் சிசுவைக் கண்டுபிடித்து அழிக்கும் கொடுமை நம் நாட்டில் நடந்தது, 1994-இல் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. ஸ்கேன் சென்டர் வாசலில் தொங்குகிற அந்த அறிவிப்புப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம், கருவி மட்டும் நல்லதாக இருந்தால் போதாது என்று தோன்றும்.

1976-இல் ஓய்வு பெற்றார். 1981-இல் டுப்ரோவ்னிக் நகரில் அவர் பெயரிலேயே அல்ட்ராசவுண்ட் பள்ளி தொடங்கினார்கள். 1987 ஜூன் 19-இல் எசெக்ஸ் பகுதியில் ஒரு கிராமத்தில் இறந்துபோனார்.

எங்க அக்கா

இனி அக்கா கதை. அவங்ககிட்ட கேட்டு, சரி எழுது என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

எங்க ஊர் பாபநாசம் பக்கம். அக்காவுக்குப் பதினாறு வயசிலிருந்து மாசாமாசம் வயித்துவலி. சாதாரண வலி இல்லை. சுருண்டு படுத்தால் ரெண்டு நாள் எழுந்திருக்காது. குறுவை நடவில் சேற்றில் குனிந்து நிற்கும்போது அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிடும். பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் சகஜம், கல்யாணம் ஆனால் சரியாயிடும் என்றாங்க. கல்யாணமும் ஆச்சு, சரியாகவில்லை. அந்த நாட்களில் மலம் கழிக்கவே உயிர் போகும் என்று அம்மாவிடம் அழும். நாலு வருஷம் குழந்தையும் இல்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? நானும்தான் என்ன செய்தேன்? அக்கா முனகுகிற சத்தம் கேட்டால் பேட்டை எடுத்துக்கொண்டு திடலுக்குப் போய்விடுவேன். இது நமக்குத் தெரியக்கூடாத விஷயம் என்று நினைத்துவிட்டேன்.

ரெண்டு இடத்தில் ஸ்கேன் எடுத்தாங்க. ரெண்டிலும் நார்மல். நார்மல் என்று எழுதிய காகிதம் வந்த பிறகு அக்கா பேச்சுக்கு மதிப்பே போய்விட்டது. நடிக்கிறா என்றுகூட ஒருத்தர் சொன்னாங்க.

போன வருஷம் அத்தான் விடாமல் இன்னொரு டாக்டர் அம்மாவிடம் கூட்டிப் போனார். அவங்க முதலில் ஸ்கேன் எடுக்கவில்லை. எப்போ வலிக்குது, எங்கே வலிக்குது என்று அரை மணி நேரம் கேட்டாங்களாம். பிறகு, பிறப்புறுப்பு வழியாக வைக்கிற மெல்லிய புரோபால் பார்த்தாங்க. அதிர்வெண் கூடினால் ஆழம் போகாது, ஆனால் நுணுக்கம் கூடும். கிட்டப்போய்ப் பார்ப்பதால் ஆழம் தேவையில்லை. வலிக்கிற இடத்தில் புரோபால் லேசாக அழுத்தி, இங்கேயா, இங்கேயா என்று கேட்டுக்கேட்டுப் பார்த்தாங்க. கருப்பையை மெல்லத் தள்ளினால் பின்னால் இருக்கிற குடல்மேல் அது வழுக்கிக்கொண்டு நகரணுமாம். அக்காவுக்கு நகரவில்லை. ரெண்டும் ஒட்டிக்கிடந்தது. குடல் சுவரில் ஒரு கரும்முடிச்சு, இடது சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய கட்டி. சிறுநீர்க்குழாய் நெரிபட்டால் சத்தமில்லாமல் சிறுநீரகம் கெட்டுப்போகும் என்பதால் சிறுநீரகத்தையும் பார்த்தாங்க. நல்லவேளை, அது நல்லா இருந்தது.

நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்கிற நோய். ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே இறங்கி, குடலையும் மூத்திரப்பையையும் பிடித்துக்கொண்டால் அது ஆழமான வகை. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு, உலகத்தில் சுமார் 19 கோடிப் பேருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முன்பெல்லாம் வயிற்றில் துளையிட்டுக் குழாய் விட்டுப் பார்த்தால்தான் உறுதி செய்வார்கள். ஸ்கேனில் எதை எதை, எந்த வரிசையில் தேடணும் என்று 2016-இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து முறை வகுத்தார்கள். ஐரோப்பிய வழிகாட்டுதலும் 2022-இல், குழாய் விட்டுப் பார்ப்பதுதான் முடிவான சோதனை என்ற பழைய எண்ணத்தைக் கைவிட்டது. ஆனால் மேலோட்டமாகப் படர்ந்த நோய் ஸ்கேனில் தெரியாமல் போகலாம். ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் வலி பொய் ஆகாது.

திருச்சி ஆலை அண்ணன் சொன்னது இங்கேதான் எனக்கு உறைத்தது. முதல் ரெண்டு ஸ்கேனும் மேல்வயிற்றிலிருந்து பார்த்தவை. கருப்பைக்குப் பின்னால் யாரும் தேடவில்லை. கருவி பொய் சொல்லவில்லை. தேடாத இடத்தையும் சேர்த்து நார்மல் என்று எழுதியது மனுஷக் கை.

அக்கா இப்போது ஹார்மோன் மாத்திரையில் இருக்கிறாங்க. வலி பாதிக்கு மேல் குறைஞ்சிருக்கு. அறுவை வேணுமா என்று அடுத்து முடிவு செய்யணும். முழுசாகக் குணமாகிவிட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் அது உண்மையில்லை. ஒன்று மட்டும் உண்மை. திரையில் அந்த ஒட்டலைக் காட்டியதும் அக்கா அழுததாம். பயத்தில் இல்லை, நான் சொன்னது பொய் இல்லை என்று இப்போதாவது தெரிந்ததே என்று.

நண்பர்களே, டொனால்ட் ரென்ஃப்ரூவுக்குக் காரில் ஏற்றிக்கொண்டு போனது பெண்களின் வலியை. அதுவரை கையால் தொட்டு ஊகித்ததை அவர் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டார். ஒரு கருவிக்காரப் பையன் அதை நடத்திக் காட்டினான். நாம் நாளைக்கு எந்தப் பட்டறைக்குப் போனாலும், பழுது இல்லை என்று கையெழுத்துப் போடுமுன் எந்தக் கோணத்தில் தேடினோம் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வோம். வீட்டில் அக்காவோ தங்கச்சியோ வலிக்குது என்றால், பேட்டைக் கீழே வைத்துவிட்டு முதலில் நம்புவோம்.